ச. தெய்வக்கனியும் பா. தெய்வக்கனியும்

வார்டிலேயே வேகமானவள் தெய்வக்கனிதான். சுவரில் தொங்கிய பலகையில் பதினெட்டு நோயாளிகளின் பெயரும், பக்கத்தில் ஆளுக்கொரு எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும். கேள்வி காதில் விழுந்ததிலிருந்து ஞாபகம் வந்து சேர எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அந்த எண். ஒருவருக்கு நான்கு, இன்னொருவருக்கு ஏழு, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த பழைய மாலுமிக்குப் பதினொன்று. தெய்வக்கனிக்கு மட்டும் அரை நொடி. மூளை நன்றாக இருக்கிற நமக்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சில நாள் அரை நொடியில் வாய்க்கு வருவதில்லை.

அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனவன் அவளுடைய தம்பி இசக்கிராஜா. பூரிக்கக் காரணம் இருந்தது. அந்த வேகம் அவன் கைவேலை. தூத்துக்குடியில் உப்பளங்களைத் தாண்டிக் கடலைப் பார்த்து நின்ற நெய்தல் நினைவகத்தில் அவன் சேமிப்புப் பிரிவின் பொறியாளன். ஞாபகத்தைக் கட்டிக்காக்கும் பகுதி மூளையில் செத்துப்போனால், மிச்சமிருப்பதை வழித்தெடுத்துக் கடலடியில் குளிர்ந்து கிடக்கும் பெட்டிகளில் வைத்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் பொருத்திய அடாப்டர் வழியாக நோயாளி அதை எட்டி எட்டி எடுத்துக்கொள்வார். புதிதாக நடப்பதும் அந்த வழியாகவே போய்ப் பதிவாகும். தெய்வக்கனிக்குப் போன வருடம், நாற்பத்து நான்கு வயதில், சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தபோது தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. அன்றிலிருந்து அவள் பிறந்தது, வளர்ந்தது, பெற்றது எல்லாம் கடலுக்கடியில்தான் இருந்தன.

முதலில் அவளுக்கு ஒரே ஒரு அடாப்டர். "கனி, சாப்டியா?" என்று கேட்டால் ஒன்பது நொடி கழித்துத் தலையாட்டுவாள். அந்த ஒன்பது நொடியும் கணவன் பால்துரை அவள் முகத்தையே பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதன் அவன். அவனுக்குப் புரியும்படி இசக்கிராஜா ஒருநாள் விளக்கினான்.

"அத்தான், கப்பல்ல சரக்கு மல மாதிரி கெடக்கு. ஒரு கிரேன வச்சு எறக்குனா நேரமாகத்தான் செய்யும். நாலு கிரேன் போட்டா?"

"போடலாம் மாப்ள. ஆனா நாலு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்துல்லா ஓட்டணும். ஒருத்தன் தூக்கும்போது மத்தவன் நிக்கணும். இல்லேன்னா இடிச்சுக்கிடும்."

"அதெல்லாம் மென்பொருள் பாத்துக்கிடும்," என்றான் இசக்கிராஜா. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பால்துரை விட்டுவிட்டான்.

அடாப்டர் சும்மா கிடைப்பதில்லை. ஊழியரின் உறவினருக்கான ஒதுக்கீட்டில் இசக்கிராஜா இரண்டு வாங்கினான். துறைமுகத் தொழிலாளர் மருத்துவத் திட்டத்தில் பால்துரை இரண்டு வாங்கினான். இடது காதுக்குத் தம்பியுடையது, வலது காதுக்குக் கணவனுடையது. இடதுபக்கப் படிவத்தை நிரப்பியவன் தம்பி. சின்ன வயதிலேயே அவனுக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அக்காவின் கல்லூரி ரெக்கார்டு நோட்டுக்கெல்லாம் அவன்தான் பெயர் எழுதுவான். அந்தக் கை பழக்கதோஷத்தில் அப்பா சங்கரபாண்டியின் எழுத்தைப் போட்டு 'ச. தெய்வக்கனி' என்று எழுதியது. கழற்றிவிட்ட பழைய ஒற்றை அடாப்டரையும் அவன் அந்தப் பெயரில்தான் பதிந்திருந்தான். வலதுபக்கப் படிவத்தை நிரப்பிய பால்துரை, இருபத்தோரு வருடமாக ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் இருப்பது போல 'பா. தெய்வக்கனி' என்று எழுதினான். கல்யாணமானால் பெண்ணுக்கு எழுத்து மாறுவது நம் ஊரில் எல்லாரும் அறிந்த விஷயம். கடலடியில் கிடந்த பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

வலது காதுக்கு இணைப்புக் கொடுத்த அன்று திரையில் ஒரு கேள்வி வந்தது. 'இந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. இந்த உடலுக்கு ஏற்கெனவே உள்ள பதிவைப் பிரதி எடுத்துப் புதிதாகத் திறக்கவா?' சாப்பாட்டு நேரம். பசி. ஒரு பிரதி உபரியாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து இசக்கிராஜா 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டு எழுந்துபோனான். அவ்வளவுதான் அவன் செய்தது.

மறுநாளே எண் ஒன்பதிலிருந்து அரைக்கு விழுந்தது. பால்துரை வார்டு முழுக்க முந்திரி மக்ரூன் வாங்கிக்கொடுத்தான்.

மூன்றாவது வாரம் ஆதிரை செத்துப்போனாள். அவர்களுக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது, வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்த பஸ் கவிழ்ந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு இசக்கிராஜாதான் அக்காவிடம் சொன்னான். பால்துரை வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வர முடியாமல் திரும்பிவிட்டான். தெய்வக்கனி கத்தவில்லை. தம்பியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மத்தியானம் மருந்து கொடுத்துத் தூங்கவைக்கும்வரை விடவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு பால்துரை உள்ளே போனான். அவள் சிரித்தாள். "என்ன, ஆதிரை இந்த வாரம் வரலியா?" என்று கேட்டாள்.

அவன் இடது கையால் மீசையைத் தடவினான். "பரிட்சையாம்," என்றான்.

அதிர்ச்சி என்றார் டாக்டர். தாங்க முடியாததை மனசு மூடி வைத்துக்கொள்ளும், வற்புறுத்த வேண்டாம் என்றார். எல்லாரும் நம்பினார்கள். ஒரு மாதம் இப்படியே போயிற்று. தேநீர் இடைவேளையில் வரும் தம்பியோடு காலையில் அழுவாள். டூட்டி முடித்து வரும் புருஷனோடு சாயங்காலம் சிரிப்பாள். காலையில் அவள் புருஷனைப் பற்றி ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"ஏம்ல ராசா, அவிய என்னப் பாக்க வரவே மாட்டேங்காவளே. எம்மேல கோவமா?"

"நேத்துகூட வந்தாவளே அக்கா. ரெண்டு மணி நேரம் இருந்தாவ."

"எனக்கு அப்பிடி ஒண்ணும் ஞாபகம் இல்லியே. மாத்திரயப் போட்டா தூங்கிருதேன். முழிச்சா விடிஞ்சிருக்கு."

நினைவகத்தில் வேலை பார்ப்பவன், ஞாபகம் இல்லை என்று ஒருத்தி சொன்னால் அதைத் துருவியிருக்க வேண்டும். அவன் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

துருவியவள் பெர்னதெத் மேடம், அவனுடைய பிரிவுத் தலைவி. அந்த அரை நொடியை எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தெய்வக்கனியின் இணைப்புகளை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாள். புதன்கிழமை காலை அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ராஜா, நாலு அடாப்டர் போட்ட மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு நொடிக்குக் கீழ போகவே இல்ல. ஏன்னு யோசிச்சியா?"

"அவங்க பதிவு பழசு மேடம். ஒழுங்கு பண்ணணும்."

"இல்ல. ஒரே ஞாபகத்தை நாலு வழியில எடுக்கும்போது ஒரு வழி இன்னொரு வழிக்காகக் காத்திருக்கணும். நீ எழுதி முடிச்சியா, நான் படிக்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். அந்தக் காத்திருப்புதான் ரெண்டு நொடி. உங்க அக்காவுக்கு அது இல்ல. இடது காது வலது காதை ஒரு தடவைகூடக் கேட்கல."

"ஏன் மேடம்?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ச. தெய்வக்கனி. பா. தெய்வக்கனி.

"கூட்டம் குறைவா இருக்கிற பக்கம் மென்பொருள் தானா மாத்திவிடும். காலையில இடது. நாலு மணிக்கு எல்லாரோட சொந்தக்காரங்களும் வந்து எல்லாரும் ஒரே நேரத்துல ஞாபகப்படுத்த ஆரம்பிச்சா வலது. ரெண்டு மாசமா காலையில நடந்தது ஒருத்திக்குப் பதிவாகுது, சாயங்காலம் நடந்தது இன்னொருத்திக்குப் பதிவாகுது."

அத்தான் சொன்ன நாலு கிரேனும் இடித்துக்கொள்ளாததற்குக் காரணம் இசக்கிராஜாவுக்கு இப்போது விளங்கியது. அவன் இரண்டு கப்பலை நிறுத்தியிருந்தான்.

"சேர்த்துவிட முடியாதா மேடம்?"

"ஒருத்திக்கு மகள் இல்ல. இன்னொருத்திக்கு மகள் ஹாஸ்டல்ல இருக்கா. எப்படிச் சேர்ப்ப?" அவள் குரல் தணிந்தது. "ஒரு உடம்புக்கு ஒரு பதிவுதான்னு சட்டம் இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள ஒண்ணை அழிக்கணும். எதை அழிக்கணுமோ அந்த எழுத்துக்கு உரியவர் கையெழுத்துப் போடணும். ச.வுக்கு நீ. பா.வுக்கு அவர். ரெண்டு பேரும் போடலன்னா, பிறகு திறந்தது தானா அழிஞ்சிடும். பா.தான் பிறகு திறந்தது."

அவள் படிவத்தைக் கொடுத்தாள். அதில் 'உபரிப் பதிவு நீக்கம்' என்று அச்சடித்திருந்தது.

துறைமுக வாசல் எதிரே இருந்த டீக்கடையில் பால்துரை எல்லாவற்றையும் கேட்டான். கோபப்படுவான் என்று இசக்கிராஜா எதிர்பார்த்தான். அவனுக்கு அது வேண்டியுமிருந்தது. பால்துரை டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"அப்ப நான் பாக்குதவளுக்கு நெசமாவே தெரியாது."

"தெரியாது அத்தான்."

"மூடி வைக்கல. மறைக்கல. தெரியவே தெரியாது."

"ஆமா."

"மாப்ள," என்று அவன் இசக்கிராஜாவின் மணிக்கட்டைப் பிடித்தான். கிரேன் நெம்புகோல் பிடித்துக் காய்த்த கை. "நாலு மணிக்கு நான் அந்த ரூமுக்குள்ள போனா எம்புள்ள உசுரோட இருக்கா. அவ பரிட்ச எழுதுதா, போன் பண்ணுதா, அம்மாகிட்ட சண்ட போடுதா. ஆறு மணிக்கு வெளிய வந்தா செத்துப்போறா. தெனமும் அந்த ரெண்டு மணி நேரத்துக்குத்தான் நான் சோறு திங்கேன். அத அழிக்கச் சொல்லுதியா?"

"காலையில இருக்கவளும் ஒங்க பொண்டாட்டிதான் அத்தான்."

"அவள நான் பாத்ததே இல்லியே." சொன்னபின் அது எத்தனை கொடுமையான பேச்சு என்று அவனுக்கே உறைத்துவிட்டது போல. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவளும் நிம்மதியாப் போவட்டும். நீ கையெழுத்துப் போடு. ஒன் காலப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கேன்."

"பாத்துக்கிடுதேன்," என்றான் இசக்கிராஜா.

வெள்ளிக்கிழமை காலை அவன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் போனான். சொல்லாமலே முடித்துவிடலாமா என்று இரண்டு இரவாக யோசித்திருந்தான். கட்டிலருகே உட்கார்ந்ததும் எல்லாம் வாயிலிருந்து கொட்டிவிட்டது. காற்றில் உப்பு வாடை.

"அவளுக்கு ஆதிரை போனது தெரியாதா?"

"தெரியாது."

"சிரிக்காளா?"

"சிரிக்கா. அத்தான்கூட கத பேசுதா."

"குடுத்து வச்சவ," என்றாள் தெய்வக்கனி. பொறாமை இல்லை அந்தக் குரலில். ஆற அமர ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "என்ன அழிச்சிருலே ராசா. அவ இருக்கட்டும். அவியளுக்கு அவதான் வேணும். எனக்கும் போதும்."

"சரிக்கா."

"சரிங்குத, ஆனா மூஞ்சிய அங்கிட்டுத் திருப்புத. போட்டுருவேல்லா?"

"போட்டுருதேன்."

அவன் போடவில்லை. பன்னிரண்டு மணிவரை தன் மேசையில் அந்தப் படிவத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். ஆதிரையை நினைத்து அழ இந்த உலகத்தில் ஒரு தாய் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். இன்னொன்றும் உண்மை. பெரியவர்கள் எல்லாம் அவனைத் தேற்றிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அத்தான் சாயங்காலச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைக்காகத் தன்னோடு உட்கார்ந்து அழுதவள் காலை பத்து மணிக்கு இருந்த அந்த ஒருத்திதான். அவளை விட அவனுக்கு மனசு வரவில்லை. சும்மா இருந்தாலே போதும் என்று சட்டம் வேறு வழிசெய்து வைத்திருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் திரையில் கீழ்வரி காணாமல் போனது. அரை நொடி இரண்டு நொடியானது. பெர்னதெத் மேடத்தின் அறிக்கையில் 'வேகம் இயல்புநிலைக்குத் திரும்பியது' என்று ஒரு வாக்கியம் சேர்ந்தது.

அவன் வார்டுப் பக்கம் போனபோது சகாயம் சிஸ்டர் வழிமறித்து ஒரு நோட்டை நீட்டினாள். நோயாளிகள் கைப்பழக்கத்துக்காகத் தினமும் நாலு வரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அதை வீட்டாரிடம் காட்டுவது வழக்கம்.

"சாயங்காலம் எழுதுற நோட்டு சார் இது. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் காட்டவே கூடாதுன்னு கெஞ்சுவாங்க. அதனால என் அலமாரியிலேயே வச்சிருந்தேன். புதன்கிழமை கூப்பிட்டு, காலையில என் தம்பி வந்தா குடுங்கன்னு சொன்னாங்க. நேத்து எனக்கு லீவு, இன்னிக்கு மத்தியானம்தான் டூட்டிக்கு வந்தேன்."

அட்டையில் கோணல்மாணலாக 'பா. தெய்வக்கனி' என்று எழுதியிருந்தது. அவன் நடைபாதையிலேயே நின்று படித்தான்.

'என் கண் வீங்கி இருக்கிறது. நான் அழவில்லை. யாரோ என் கண்ணால் அழுதிருக்கிறார்கள்.'

'இன்றும் வீக்கம். ஆதிரை பரிட்சை என்கிறார். சொல்லும்போது இடது கை மீசைக்குப் போகிறது. பெண்பார்க்க வந்த அன்று சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்டபோதும் அந்தக் கை அங்கேதான் போனது.'

'ஆதிரை எனக்கு ஒருநாளும் போன் பண்ணாமல் இருந்ததில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது.'

'என் பிள்ளை இல்லை. யாரும் சொல்ல வேண்டாம். பெற்றவளுக்குத் தெரியும்.'

அடுத்த பக்கம் முழுதும் எழுத்தே இல்லை. பேனா காகிதத்தைக் கிழித்த தடம் மட்டும் இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் எழுத்து நிதானமாகிவிட்டிருந்தது.

'எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் உள்ளே வரும்போது முகம் எப்படி இருக்கிறது, போகும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். நாலிலிருந்து ஆறுவரை அந்த மனுஷனுக்குப் பிள்ளை உயிரோடு இருக்கட்டும். இன்று ஆதிரை போன் பண்ணினாள் என்று நானே சொன்னேன். புதுச் சுடிதார் கேட்டாள் என்றேன். எவ்வளவு சந்தோஷப்பட்டார்.'

கடைசியாகப் புதன்கிழமைத் தேதியிட்டு எழுதியிருந்தது. 'ராசா, காலையில் நான் அழுவதாகச் சிஸ்டர் சொல்கிறார். என் கண்ணால் அழுகிற அவளிடம் இதைக் காட்டு. அவள் பாவம், தனியாக அழுகிறாள். நானும் இருக்கிறேன் என்று சொல்.'

இசக்கிராஜா நோட்டை மூடினான். இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அழுதுகொண்டே சிரிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். பசியோடு ஒரு பொத்தானைத் தட்டி அவளை அவன் உண்டாக்கினான். பேனாவைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்து கொன்றுவிட்டான்.

அக்காவிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு நின்றான். அவள் எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தாள்.

"நான் இன்னும் இருக்கேன்," என்றாள். "அப்ப நீ போடல."

"போடலக்கா."

"நான் சொன்னது என்ன, நீ செஞ்சது என்னலே? எனக்குக் கூடப்பொறந்தவ ஒருத்தி இருந்திருக்கா. யாரக் கேட்டு அவள அனுப்புன?"

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். ஓங்கிய கையை இறக்கி, நோட்டைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

"அவிய எத்தன மணிக்கு வருவாவ?"

"நாலு மணிக்கு."

"மூஞ்சி கழுவணும். அந்தத் துண்ட எடு. எனக்கு மூஞ்சி வீங்கியிருக்கா பாரு."

நாலு மணிக்குப் பால்துரை வந்தான். குளித்து, சட்டை மாற்றி, கையில் மக்ரூன் பொட்டலத்தோடு வந்தான். வாசலில் நின்ற இசக்கிராஜாவின் தோளை நன்றியோடு அழுத்திவிட்டு உள்ளே போனான். கையெழுத்து விழுந்துவிட்டது என்று அவன் நம்பியிருந்தான்.

"என்ன கனி, ஆதிரைக்கு அனுப்பணும்னு கேட்டியே. வாங்கியாந்துட்டேன்."

தெய்வக்கனி அவனைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை, பிள்ளை போனபின் முதன்முதலாக அவனைப் பார்க்கிறாள். எவ்வளவு இளைத்துவிட்டான், காதோரம் எப்போது இப்படி நரைத்தது என்று அவள் கண் அவன்மேல் ஓடியது. தலைக்கு மேலே பலகையில் அவள் பெயருக்கு நேராக 'இரண்டு' வந்து நின்றது. பெட்டி தன் வேலையை முடித்துவிட்டது. அவள் இன்னும் பேசவில்லை. மூன்று, நான்கு, ஆறு என்று இசக்கிராஜா மனதுக்குள் எண்ணினான். ஒன்பதுவரை போனது. அந்த ஏழு நொடியை எந்தப் பலகையும் பதிவதில்லை.

"மத்தியானம் போன் பண்ணுனா," என்றாள் அவள். "மக்ரூன் வேணும்னு ஒரே அடம்."

பால்துரை அவள் கண்களைப் பார்த்தான். அவை வீங்கியிருந்தன. பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு மிக அருகில் உட்கார்ந்தான்.

"அப்படியா?" என்றான். "வேற என்ன சொன்னா எம்புள்ள?"

அவனுடைய இடது கை மெதுவாக மீசைக்குப் போனது.